ஓநாயின் பெயர் கொண்ட நோய்: தேவிகாபுரத்திலிருந்து வேலூர் எவ்வளவு தூரம்?

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணி, போளூர், சேத்துப்பட்டு ஆகிய மூன்று ஊர்களுக்கும் நடுவே இருக்கிறது தேவிகாபுரம். விஜயநகரக் காலத்துப் பெரியநாயகி அம்மன் கோயிலும், மலைமேல் இருக்கும் கனககிரீசுவரர் கோயிலும் இந்த ஊரின் அடையாளங்கள். அதற்கு அடுத்த அடையாளம் பட்டு நெசவு. கடைகளில் "ஆரணிப் பட்டு" என்று விற்கப்படும் புடவைகளில் ஒரு பகுதி இந்த ஊரின் தறிகளில் நெய்யப்பட்டதுதான்.

இந்த ஊருக்கும் லூபஸ் என்ற நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தனிச் சம்பந்தம் எதுவும் இல்லை. லூபஸ் எந்த ஊரிலும் வரக்கூடிய நோய். ஆனால் அந்த நோய்க்கான சிகிச்சையின் வரலாற்றைப் படிக்க இந்த ஊர் நல்ல இடம். ஏனென்றால், நாட்டின் புகழ்பெற்ற மருத்துவமனைகளில் ஒன்றான வேலூர் சி.எம்.சி. இங்கிருந்து பேருந்தில் ஒரே நாளில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. லூபஸுக்கான அடிப்படை மாத்திரை 1955இல் இருந்தே உலகில் உண்டு. மருத்துவமனையும் பக்கம், மருந்தும் பழசு. அப்படியிருந்தும் ஒரு நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கு இந்த நோய் வந்தால், மாத்திரை அவர் கைக்கு வந்து சேர ஏன் இத்தனை காலம் ஆகிறது? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பெயர் வந்த கதை

லூபஸ் என்றால் லத்தீன் மொழியில் ஓநாய். முகத்தின் தோலை அரித்துக்கொண்டு போகும் புண்களைப் பார்த்த ஐரோப்பியர்கள், ஓநாய் கடித்துக் குதறியது போல இருக்கிறது என்று நினைத்து வைத்த பெயர் இது. இடைக்காலத்தில் இந்தப் பெயரில் அழைக்கப்பட்ட எல்லாமே இன்றைய லூபஸ் அல்ல. தோலில் வரும் காசநோய் உட்படப் பல நோய்கள் அந்த ஒரே பெயருக்குள் அடங்கின.

1851இல் பாரிஸ் நகரத் தோல் மருத்துவர் காஸ்னாவ், இந்தக் கும்பலிலிருந்து ஒரு வகையைப் பிரித்தெடுத்து அதற்குச் "செந்நிற லூபஸ்" என்ற பொருளில் தனிப் பெயர் கொடுத்தார். வியன்னாவைச் சேர்ந்த ஹெப்ரா, இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் பரவும் சிவப்பை வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிட்டார். அந்த உவமை இன்றுவரை மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. 1872இல் காப்போசி, இது தோலோடு நிற்கும் நோய் அல்ல, காய்ச்சல், மூட்டு வலி, உள்ளுறுப்புப் பாதிப்பு எல்லாம் சேர்ந்து வரலாம் என்று எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஆஸ்லர் அதை இன்னும் விரிவாக விளக்கினார்.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, உடம்பையே எதிரி என்று நினைத்துத் தாக்குவதுதான் லூபஸ் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் புரிந்தது. இது தொற்றுநோய் அல்ல. பாதிக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பெரும்பாலோர் 15 முதல் 45 வயதுக்குள் இருப்பவர்கள். அதாவது படிக்கும் வயது, வேலை செய்யும் வயது, பிள்ளை பெறும் வயது.

மருந்து வந்த கதை

லூபஸ் மருந்தின் வரலாறு மலேரியாவில் தொடங்குகிறது. 1894இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையைச் சேர்ந்த பெய்ன் என்ற மருத்துவர், மலேரியாவுக்குக் கொடுக்கப்படும் கொயினா லூபஸ் தோல் புண்களுக்கும் உதவுகிறது என்று குறிப்பிட்டார். இரண்டாம் உலகப் போரில் மலேரியாவைத் தடுக்கச் சிப்பாய்களுக்கு மெபாக்ரின் மாத்திரை கொடுக்கப்பட்டது. அதைச் சாப்பிட்ட சிலருக்குத் தோல் நோயும் மூட்டு வலியும் குறைந்தன. 1951இல் பேஜ் என்ற மருத்துவர் மெபாக்ரினால் லூபஸ் குணமடைவது பற்றி லான்செட் இதழில் எழுதினார். பிறகு குளோரோகுயின் வந்தது. 1955இல் அதைவிடப் பக்கவிளைவு குறைந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்றும் லூபஸ் நோயாளிகள் ஏறக்குறைய அனைவருக்கும் பரிந்துரைக்கப்படும் மாத்திரை இதுதான்.

அதே காலகட்டத்தில் இன்னும் இரண்டு கதவுகள் திறந்தன. 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஹார்கிரேவ்ஸ் குழுவினர், லூபஸ் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையில் விசேஷமான ஒரு அணுவைக் கண்டார்கள். எல்.இ. செல் என்று பெயரிடப்பட்ட அதுதான் இந்த நோய்க்கான முதல் ஆய்வகச் சோதனை. அதே மேயோ கிளினிக்கில் ஹெஞ்ச் குழுவினர் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் ஆற்றலை 1949இல் உலகுக்கு அறிவித்தார்கள். 1950இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1957இல் ஃபிரையோ என்பவர் ஒளிரும் சாயத்தைக் கொண்டு செய்யும் ஏ.என்.ஏ. சோதனையைக் கொண்டுவந்தார்.

ஆக, 1957க்குள் லூபஸைக் கண்டுபிடிக்கச் சோதனை இருந்தது. அடக்க ஸ்டீராய்டு இருந்தது. அடங்கிய பின் அடங்கியபடியே வைத்திருக்க ஹைட்ராக்சிகுளோரோகுயின் இருந்தது. 1955இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கின்படி, நோய் கண்டறியப்பட்டு 4 ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான். 1990களில் மேலை நாடுகளில் 5 ஆண்டு தாண்டி உயிர் வாழ்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல். இந்த முன்னேற்றம் முழுவதும் புதிய மருந்தால் வந்தது அல்ல. சீக்கிரம் கண்டுபிடிப்பது, விடாமல் பார்த்துக்கொள்வது, இரத்த அழுத்தத்தையும் தொற்றையும் கவனிப்பது, சிறுநீரகம் கெட்டால் டயாலிசிஸ் செய்வது என எல்லாம் சேர்ந்து வந்தது. உண்மையில் 1950களுக்குப் பிறகு லூபஸுக்கென்றே ஒப்புதல் பெற்ற புதிய மருந்து, பெலிமுமாப், 2011இல்தான் வந்தது.

வட ஆற்காட்டில் மருத்துவம்

தேவிகாபுரம் 1989 வரை பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தின் மருத்துவ வரலாறு சுவாரசியமானது. ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தினர் 1866இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார்கள். அதே குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சையை ஆரம்பித்தார். அதுவே பின்னாளில் சி.எம்.சி. ஆனது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கப்பட்டது.

ஐடா ஸ்கடர் செய்த இன்னொரு வேலை இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது. நோயாளிகள் வேலூருக்கு வந்து சேர்வதற்குள் நோய் முற்றிவிடுகிறது என்பதைப் பார்த்த அவர், 1909 வாக்கில் மோட்டார் வண்டியில் மருந்துப் பெட்டியோடு கிளம்பினார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, அங்கேயே மக்களுக்குச் சிகிச்சை கொடுத்தார். "சாலையோர மருத்துவமனை" என்று அழைக்கப்பட்ட இந்த முறை பல ஆண்டுகள் தொடர்ந்தது. தூரமும் ஒரு நோய் என்று புரிந்துகொண்ட முதல் மருத்துவர்களில் அவர் ஒருவர் என்று சொல்லலாம்.

பிறகு சி.எம்.சி. மிகப் பெரிதாக வளர்ந்தது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் அங்குதான் நடந்தது. சென்னையில் 1970களில் ஏ.என். சந்திரசேகரன் முயற்சியால் அரசுப் பொது மருத்துவமனையில் ருமட்டாலஜி என்ற தனிப் பிரிவு உருவானது. மூட்டு, தசை, எதிர்ப்புச் சக்திக் கோளாறு சார்ந்த நோய்களைப் பார்க்கும் துறை அது. லூபஸும் அதில் அடக்கம். காசு இல்லாதவரும் போகக்கூடிய இடம் என்பது அதன் சிறப்பு. பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யிலும் தேபாஷிஷ் தண்டா முன்னின்று இத்துறையை வளர்த்தார்.

எண்கள் சொல்லும் கதை

இவ்வளவு இருந்தும் முடிவுகள் எப்படி இருந்தன? டில்லி அகில இந்திய மருத்துவ நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 1992இல் வெளியானது. அங்கு சிகிச்சை பெற்ற லூபஸ் நோயாளிகளில் 5 ஆண்டு தாண்டியவர்கள் 68 சதவீதம், 10 ஆண்டு தாண்டியவர்கள் 50 சதவீதம் என்றது அது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களின் ஆய்வு 1997இல் வெளியானது. அதில் 5 ஆண்டுக்கு 77 சதவீதம், 10 ஆண்டுக்கு 60 சதவீதம். அதே காலத்தில் மேலை நாடுகளில் இருந்த தொண்ணூறோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மருத்துவர்களின் திறமையில் குறை இல்லை. மருந்தும் அதே மருந்துதான். சிறுநீரகமோ மூளையோ பாதிக்கப்பட்ட பிறகு வந்து சேர்பவர்கள் இங்கு அதிகம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடும்போது காசநோய் போன்ற தொற்றுகள் தாக்குவதும் இங்கு அதிகம்.

இன்னொரு எண்ணும் முக்கியமானது. டில்லிக்கு அருகே கிராம மக்களிடம் நடத்தப்பட்டு 1993இல் வெளியான கணக்கெடுப்பில், ஒரு லட்சம் பேருக்கு சுமார் 3 பேர் என்ற அளவில் லூபஸ் இருந்தது. இந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சுமார் 24.6 லட்சம் பேர் வாழும் திருவண்ணாமலை மாவட்டத்தில் எண்பது பேர்கூட இருக்க மாட்டார்கள். சிறிய கணக்கெடுப்பு என்பதால் உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாக இருக்கலாம். இரண்டு மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டாலும், ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் ஓரிருவர்தான். ஒரு மருத்துவர் அங்கே பல வருடம் வேலை பார்த்தும் ஒரு லூபஸ் நோயாளியைக்கூடப் பார்க்காமல் போகலாம். பார்த்தாலும் அடையாளம் தெரியாமல் போகலாம். இதுதான் சிக்கலின் வேர்.

தறி வீட்டில் லூபஸ்

நோய் எப்படி ஆரம்பிக்கிறது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். விரல் மூட்டுகளில் வலி. விடியற்காலையில் கை மடங்காது. அடிக்கடி லேசான காய்ச்சல். சொல்ல முடியாத அசதி. முடி கொட்டுதல். வாயில் புண். வெயிலில் போனால் முகம் சிவத்தல். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் சாதாரணமான வேறு காரணம் உண்டு.

பட்டு நெசவு செய்யும் வீட்டில் அந்தச் சாதாரணக் காரணங்கள் எப்போதும் தயாராக இருக்கும். நாடா ஓட்டுபவருக்கும் நாள் முழுக்கத் தார் சுற்றுபவருக்கும் விரல் வலிப்பது புதிதல்ல. குழித்தறியில் உட்கார்ந்து மிதிப்பவருக்கு முட்டி வலிப்பதும் புதிதல்ல. தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போட்டு உலர்த்தும்போது வெயிலில் நிற்கத்தான் வேண்டும். சூரிய ஒளி லூபஸைத் தூண்டிவிடும் என்பது மருத்துவம் நன்கு அறிந்த உண்மை. ஆனால் முகம் சிவந்தால் வெயில் என்பார்கள், அசந்தால் இரத்தச் சோகை என்பார்கள், கை வலித்தால் வேலை என்பார்கள். எல்லாம் ஒரே நோயாக இருக்கலாம் என்று சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும்.

கூலி முறையும் இதில் சேர்ந்துகொள்கிறது. நெசவில் மாதச் சம்பளம் கிடையாது. புடவை முடித்தால்தான் கூலி. தறி நின்றால் வருமானம் நின்றது. பலர் முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். வேலூருக்கோ சென்னைக்கோ ஒரு நாள் போய் வருவது என்றால் பேருந்துக் கட்டணம் மட்டுமல்ல, துணைக்கு வருபவரின் கூலியும் சேர்த்து இரண்டு பேரின் ஒரு நாள் வருமானம் போகும். இலவச மருத்துவமனையிலும் இந்தச் செலவு இலவசமாகாது.

பெண்களுக்கு இன்னொரு சுமையும் உண்டு. லூபஸ் உள்ள சிலருக்கு இரத்தம் உறைவதில் கோளாறு ஏற்பட்டுக் கரு மீண்டும் மீண்டும் கலையும். 1983இல் லண்டன் மருத்துவர் கிரஹாம் ஹியூஸ் இதை விளக்கினார். அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ பெண்கள் "பிள்ளை தங்காதவள்" என்ற பேச்சை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கொடுமை என்னவென்றால், கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகச் செய்யும் பால்வினை நோய்ப் பரிசோதனை, லூபஸ் இருந்தால் நோய் இல்லாமலேயே இருப்பதாகக் காட்டக்கூடும். இது 1950களிலேயே மருத்துவ உலகுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அந்தச் சீட்டைக் கையில் வாங்கும் குடும்பத்துக்கு அதை யார் விளக்குவது? ஒரு தவறான சந்தேகம் ஒரு குடும்பத்தையே உடைத்துவிடும்.

தொழுநோய் கற்றுத் தந்த பாடம்

இதே வட ஆற்காடு ஒரு காலத்தில் தொழுநோய்க்குப் பெயர் போன மாவட்டம். உலகிலேயே அந்நோய் மிக அதிகமாக இருந்த பகுதிகளில் ஒன்று. வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கப்பட்டது. தேவிகாபுரத்துக்குப் பக்கத்திலேயே உள்ள சேத்துப்பட்டில் ஜெர்மானிய உதவியோடு புனித தோமையார் மருத்துவமனை தொழுநோய் மையமாகச் செயல்பட்டது.

அங்கெல்லாம் பின்பற்றப்பட்ட முறை எளியது. நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய்த் தோலைப் பார்த்தார்கள். தேமல் போன்ற இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள். மாதம் ஒருமுறை குறிப்பிட்ட நாளில் ஊருக்கு அருகிலேயே மாத்திரை கொடுத்தார்கள். வராதவரை வீட்டுக்கே தேடிப் போனார்கள். 1980களில் கூட்டு மருந்து சிகிச்சை வந்தபோது, அதைக் கொண்டு சேர்க்க இந்த ஏற்பாடு தயாராக இருந்தது. 2005இன் இறுதியில் தொழுநோய் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எட்டியது. மாத்திரையைக் கண்டுபிடித்தது வேறு யாரோ. அதைக் குடிசை வரை கொண்டுபோனது சைக்கிளில் போன இந்தப் பணியாளர்கள்தான்.

லூபஸுக்கு ஏன் இது நடக்கவில்லை? இரண்டு நியாயமான காரணங்கள் உண்டு. தொழுநோய் தொற்றும். அதனால் அரசுக்கு அதை ஒழிக்க வேண்டிய அவசரம் இருந்தது. லூபஸ் தொற்றாது. இரண்டாவது, தொழுநோயாளிகள் அன்று ஊருக்கு ஊர் இருந்தார்கள். லூபஸ் நோயாளிகள் மாவட்டத்துக்கே சில பத்துப் பேர். அவர்களுக்காக வீடு வீடாகப் போகும் தனித் திட்டம் என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. கண்டுபிடிப்பதற்குத்தான் நிபுணர் தேவை. கண்டுபிடித்த பின் மாதா மாதம் செய்யும் வேலைக்கு நிபுணர் தேவையில்லை. இரத்த அழுத்தம் பார்ப்பது, சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்ப்பது, மாத்திரை கொடுப்பது ஆகிய மூன்றையும் எந்த ஆரம்ப சுகாதார நிலையமும் செய்ய முடியும்.

சிறுநீர்ச் சோதனையின் அருமை பலருக்குத் தெரிவதில்லை. லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது ஆரம்பத்தில் வலி இருக்காது. கால் வீங்கும்போது காலம் கடந்திருக்கும். ஆனால் அதற்கு வெகு முன்பே சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்துவிடும். கர்ப்பிணிகளுக்குச் செய்யும் அதே சாதாரணச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். எல்லா ஊரிலும் இருக்கும் இந்தச் சோதனைதான் ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் போகிறது.

சிகிச்சை முறையிலும் தூரத்தைக் குறைக்கும் மாற்றம் வந்திருக்கிறது. சிறுநீரகம் பாதித்தால் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை மாதந்தோறும் ஊசி மூலம் ஏற்றி, பிறகு நீண்ட காலத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொடர்வது 1980களில் பரவிய முறை. 2002இல் ஐரோப்பிய மருத்துவர்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் வீதம் ஆறே ஊசிகள் போதும், பிறகு மாத்திரையில் தொடரலாம் என்று காட்டினார்கள். சண்டிகரில் 100 இந்திய நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு, இந்தக் குறைந்த அளவு ஊசி விலை கூடிய மைக்கோபினோலேட் மாத்திரைக்கு நிகராக வேலை செய்தது என்றது. எல்லா நோயாளிக்கும் இது பொருந்தும் என்று சொல்ல முடியாது. தீவிரமானவர்களுக்கு அதிக அளவு தேவைப்படலாம் என்று கருதும் மருத்துவர்களும் உண்டு. ஆனாலும் மூன்று மாதத்துக்குள் ஆறு முறை பயணம் என்பது, வருடக்கணக்கில் பயணம் என்பதைவிடத் தறி வீட்டுக்குத் தாங்கக்கூடியது.

காப்பீடு எதைக் காக்கிறது?

2005இல் மத்திய அரசு கைத்தறி நெசவாளர்களுக்கென ஒரு காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஐசிஐசிஐ லொம்பார்டு நிறுவனம் மூலம் நடந்த அத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் வரம்பு. தொகை சிறிது. ஆனால் அதில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. அந்த 15,000 ரூபாயில் 7,500 ரூபாய் வரை வெளிநோயாளி சிகிச்சைக்கும் பயன்படுத்தலாம். முன்பே இருந்த நோய்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டன. லூபஸ் போன்ற நோய்க்குத் தேவையான வடிவம் அதுதான். அந்தத் திட்டம் இப்போது அதே வடிவில் இல்லை.

தமிழகத்தில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. ஏழைகளுக்கு இவை செய்த உதவி பெரிது. ஆனால் இவை முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சையை மனதில் வைத்து அமைக்கப்பட்டவை. லூபஸ் நோயாளி வருடத்தில் 360 நாள் வீட்டில் மாத்திரை சாப்பிடுபவர். இதில் ஒரு முரண் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்கு வந்தால் காப்பீடு உண்டு. சிறுநீரகம் செயலிழக்காமல் காக்கும் மாத்திரையையும், மாதாந்திரச் சோதனையையும், பேருந்துக் கட்டணத்தையும் குடும்பமே பார்த்துக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கலாம். ஆனால் அது எந்த ஊர் மருத்துவமனை என்பதுதான் கேள்வி.

2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அதில் லூபஸ் இல்லை. கை கால் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் தறியில் உட்கார முடியாத ஒருவருக்கு எந்தச் சான்றிதழும் கிடைப்பது கடினம்.

2020இல் நடந்தது

2020 மார்ச் மாதம் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் உதவலாம் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. மருத்துவப் பணியாளர்கள் முன்னெச்சரிக்கையாக அதைச் சாப்பிடலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அறிவுறுத்தியது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக யாரும் கவனிக்காத ஒரு மாத்திரை கடைகளிலிருந்து காணாமல் போனது. மார்ச் 26 அன்று மத்திய அரசு அதன் விற்பனைக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. ஏற்றுமதிக்கும் தடை வந்து, பிறகு தளர்ந்தது. உலகின் மிகப் பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்றான இந்தியாவிலேயே லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைய நேர்ந்தது. ஊரடங்கில் பேருந்தும் இல்லை.

அந்த மருந்தால் கொரோனா நோயாளிகளுக்குப் பயன் இல்லை என்று இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு ஜூன் மாதம் அறிவித்தது. உலக சுகாதார நிறுவனமும் ஜூன் 17 அன்று தன் சோதனையில் அதை நிறுத்தியது. அவசரம் அடங்கியது. ஆனால் ஒரு உண்மை வெளியே தெரிந்தது. யாருக்கு இந்த மாத்திரை உயிர் மருந்து என்ற பட்டியல் எந்தச் சுகாதார நிலையத்திலும் கையில் இல்லை. பட்டியல் இருந்திருந்தால் அவர்களுக்கு முதலில் ஒதுக்கியிருக்க முடியும்.

அதே ஊரடங்கு ஒரு நன்மையும் செய்தது. 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவத்துக்கான விதிமுறைகள் வெளியாயின. ஏப்ரலில் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் பேசும் வசதி வந்தது. நிபுணரைப் பார்க்க ஒவ்வொரு முறையும் நேரில் போக வேண்டியதில்லை என்பது முதன்முறையாக விதியிலேயே ஏற்கப்பட்டது.

இனி என்ன?

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும், வயிற்று வழி டயாலிசிஸ் பைகளும்கூட வீடு தேடி வருகின்றன. ஐடா ஸ்கடரின் வண்டியும், தொழுநோய்ப் பணியாளரின் சைக்கிளும் போன பாதையில்தான் இந்தத் திட்டமும் போகிறது. லூபஸுக்குத் தனித் திட்டம் தேவையில்லை என்பதற்கு இதுவே பதில். ஏற்கெனவே வீடு வீடாகப் போகும் ஒரு பையில் இன்னொரு மாத்திரையையும், ஒரு சிறுநீர்ச் சோதனைப் பட்டையையும் சேர்த்தால் போதும்.

செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் ஒரு சிறு பட்டியல்: இளம் பெண், ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வலி, காரணம் தெரியாத காய்ச்சல், வெயிலில் சிவக்கும் முகம், வாய்ப் புண், அடிக்கடி கருக்கலைவு. இவற்றில் சில சேர்ந்து இருந்தால் சிறுநீரைச் சோதித்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது, வேலூரிலோ சென்னையிலோ கண்டுபிடிக்கப்பட்ட நோயாளியின் சிகிச்சைச் சீட்டு அவர் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கும் போய்ச் சேர வேண்டும். மாதாந்திரக் கவனிப்பு அங்கேயும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிபுணர் பார்வை தொலைபேசியிலோ நேரிலோ நடக்கலாம். ஹைட்ராக்சிகுளோரோகுயின் நீண்ட நாள் சாப்பிடுபவர்களுக்குத் தேவையான கண் பரிசோதனையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாவது, காப்பீடு வெளிநோயாளியையும் பார்க்க வேண்டும். 2005இல் நெசவாளர் திட்டத்தில் இருந்த ஒரு வரி அது. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இந்த வரலாற்றைப் பார்த்தால் ஒன்று புரியும். லூபஸ் மருந்து லண்டன், பாரிஸ், மேயோ கிளினிக் என்று உலகம் சுற்றி வேலூர் வரை வந்துவிட்டது. மிச்சம் இருப்பது வேலூரிலிருந்து தேவிகாபுரம் வரை உள்ள தூரம் மட்டுமே. வரைபடத்தில் அது சிறிய தூரம். நோயாளிக்கு அது ஒரு நாள் கூலி, ஒரு துணை, ஒரு முன்பணக் கடன், பல நேரங்களில் இரண்டு மூன்று வருடத் தாமதம். இதே மண்ணில் தொழுநோய்க்காக அந்தத் தூரத்தை ஒருமுறை கடந்து காட்டியிருக்கிறார்கள். லூபஸுக்காகவும் கடக்க முடியும்.